ஜெர்மன் கடை, பிரெஞ்சு கார்டு: விற்க மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டா?

பிரான்ஸின் கிழக்குப் பகுதியில் வசிக்கும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அவர் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். கொஞ்சம் குடும்பத்துக்கு, கொஞ்சம் காசுக்கு. எம்பிராய்டரி செய்யும் தையல் இயந்திரம் ஒன்று வாங்க ஆசை. ஒரு ஜெர்மன் கடையின் தளத்தில் அதன் விலை 1,149 யூரோ. அடுத்த நாள் வாங்கலாம் என்று திரும்பப் போனபோது தளம் தானாகவே பிரெஞ்சுப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டது. அங்கே அதே இயந்திரம் 1,389 யூரோ. எப்படியோ ஜெர்மன் பக்கத்துக்கு வந்து ஆர்டர் போட்டால், முகவரிப் படிவம் ஜெர்மன் அஞ்சல் குறியீட்டை மட்டும்தான் ஏற்கிறது. டெலிவரிக்கு ஜெர்மனியில் இருக்கும் நாத்தனாரின் முகவரியைக் கொடுத்தார். கடைசிப் படியில், "ஜெர்மனியில் வழங்கப்பட்ட கார்டுகள் மட்டும்" என்று அவருடைய கார்டும் மறுக்கப்பட்டது.

கடை உதவிப் பிரிவுக்கு எழுதியதற்கு, "நீங்கள் பிரெஞ்சுத் தளத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரிப் பதில் வந்தது. தோழி ஒருவர், "ஐரோப்பியச் சட்டப்படி அவர்கள் உன் வீட்டுக்கே கொண்டுவந்து தரவேண்டும்" என்கிறார். கணவரோ, "நம்மிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். இந்தச் சட்டமெல்லாம் நமக்கில்லை, விபிஎன் (வேறு நாட்டிலிருந்து இணையத்துக்கு வருவதுபோல் காட்டும் மென்பொருள்) போட்டு நாத்தனார் பெயரில் வாங்கிவிடலாம்" என்கிறார். யார் சொல்வது சரி என்பது கேள்வி. கூடவே சுவிட்சர்லாந்தில் இருக்கும் தம்பியைப் பற்றியும், எல்லை தாண்டினால் படங்கள் காணாமல்போகும் ஒரு ஸ்ட்ரீமிங் சந்தாவைப் பற்றியும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் தோழி சொன்னதும் சரியில்லை, கணவர் சொன்னதும் சரியில்லை. கடை சொன்னது இரண்டையும்விடத் தவறு.

முதலில் பாஸ்போர்ட் விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/302 எண் ஒழுங்குமுறைச் சட்டம்தான் இங்கே பொருந்துவது. ஜியோ-பிளாக்கிங், அதாவது எந்த நாட்டுக்காரர் என்று பார்த்து வாடிக்கையாளரைத் தடுப்பது, பற்றிய சட்டம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 2018 டிசம்பர் 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. உறுப்பு நாட்டின் குடிமகனாக இருப்பவரையும், உறுப்பு நாட்டில் வசிப்பவரையும் அது பாதுகாக்கிறது. இரண்டில் ஒன்று போதும். நீங்கள் பிரான்ஸில் வசிக்கிறீர்கள், அவ்வளவுதான் வேண்டும். எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேட்கும் உரிமை கடைக்கு இல்லை. இந்தச் சந்தேகத்தினாலேயே நம்மில் பலர் புகார் கொடுக்காமல் ஒதுங்கிவிடுகிறார்கள். அதனால்தான் இதை முதலில் சொன்னேன்.

வாங்கும் உரிமை வேறு, வீட்டுக்கு வரவழைக்கும் உரிமை வேறு

இந்தச் சட்டத்தின் அடிப்படை ஒரே ஒரு எண்ணம்தான்: கடை இருக்கும் ஊர்க்காரர் எப்படி வாங்குவாரோ, அதே விலையில், அதே நிபந்தனையில் நீங்களும் வாங்கலாம். ஜெர்மனிக்குள் டெலிவரி தரும் கடை, உங்களுக்கும் ஜெர்மனிக்குள் டெலிவரி தரவேண்டும். கடைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று உள்ளூர்க்காரருக்குச் சொன்னால் உங்களுக்கும் சொல்லவேண்டும். ஆனால் பிரான்ஸுக்கு லாரி அனுப்பவேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. எந்தெந்த நாடுகளுக்கு அனுப்புவது என்பது வியாபாரியின் முடிவு. உங்கள் தோழி தவறவிட்டது இதைத்தான்.

இந்த வரம்பு பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. எனக்கும் அது அரைகுறைத் தீர்வாகவே படுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் நாத்தனார் இல்லாதவருக்கு இந்த உரிமையால் என்ன பயன் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனாலும் இது வருவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்று பாருங்கள். 2015-ல் ஐரோப்பிய ஆணையம் வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்களை வைத்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களைச் சோதித்தது. வேறு நாட்டு வாடிக்கையாளரைக் கடைசிப் படிவரை போகவிட்டவை 37 சதவீதம் மட்டுமே.

உங்கள் விஷயத்தில் பொருள் போய்ச் சேரவேண்டிய இடம் ஜெர்மனிக்குள் இருக்கும் ஒரு வீடு. கடை அங்கே டெலிவரி செய்கிறது. ஆகவே விற்கமாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு இடமில்லை.

விலை ஏன் வேறு?

இரண்டு தளங்களில் இரண்டு விலை வைப்பது சட்டவிரோதம் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. பிரெஞ்சுத் தளத்தில் 1,389, ஜெர்மன் தளத்தில் 1,149 என்று வைக்க அவர்களுக்குச் சுதந்திரம் உண்டு. குறைந்த விலைத் தளத்துக்குள் நீங்கள் போகாதபடி கதவைச் சாத்துவதுதான் குற்றம். இதில் மதிப்புக் கூட்டு வரியின் பங்கு மிகக் குறைவு. ஜெர்மனியில் வரி 19 சதவீதம், பிரான்ஸில் 20. இந்த விலையில் அந்த வித்தியாசம் பத்து யூரோ அளவுதான் வரும். மீதி 230 யூரோ கடையின் வியாபாரக் கணக்கு. பொருள் ஜெர்மனியிலேயே கைமாறுவதால் உங்களுக்கு 19 சதவீதம்தான் போடவேண்டும்.

தானாகப் பிரெஞ்சுப் பக்கத்துக்குத் தள்ளியது பற்றி: உங்களிடம் வெளிப்படையாகச் சம்மதம் வாங்காமல் அப்படித் தள்ளக்கூடாது. சம்மதம் கொடுத்திருந்தாலும், முதலில் போக நினைத்த பக்கத்துக்குச் சுலபமாகத் திரும்ப வழி இருக்கவேண்டும். முன்பு எப்போதாவது அந்தத் தளத்தில் கணக்கு தொடங்கும்போது "எப்போதும் பிரெஞ்சுத் தளத்தைக் காட்டு" என்று டிக் செய்தீர்களா என்று ஒருமுறை பாருங்கள். அப்படிக் கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

கார்டும் முகவரிப் பெட்டியும்

எந்த வகைப் பணம் வாங்குவது என்பதைக் கடை தீர்மானிக்கலாம். கார்டே வேண்டாம், வங்கிப் பரிமாற்றம் மட்டும் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஒரு பிராண்டின் கிரெடிட் கார்டை ஜெர்மன்காரரிடம் வாங்கினால், அதே பிராண்ட், அதே வகைக் கார்டை அது பிரெஞ்சு வங்கி கொடுத்தது என்பதற்காக மறுக்க முடியாது. இதற்கு நிபந்தனைகள் உண்டு: கடை ஏற்கும் நாணயத்தில் பணம் கட்டவேண்டும், கார்டு உங்களுடையதுதான் என்ற சரிபார்ப்பு முடிந்திருக்கவேண்டும். உங்கள் வங்கிச் செயலியில் உறுதிப்படுத்தும் கோரிக்கை வந்து, அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் அது கடையின் பாகுபாடு ஆகாது. ஆனால் நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் "ஜெர்மனியில் வழங்கப்பட்ட கார்டுகள் மட்டும்" என்று தெளிவாகவே இருக்கிறது. இதைவிட நல்ல சாட்சியம் நான் பார்த்ததில்லை. பத்திரமாக வைத்திருங்கள்.

கணக்கிலிருந்து நேரடியாகப் பிடித்துக்கொள்ளும் வசதியை அந்தக் கடை ஜெர்மன்காரருக்குத் தருகிறது என்றால், பிரெஞ்சு ஐபான் எண்ணையும் (சர்வதேச வடிவில் எழுதிய வங்கிக் கணக்கு எண்) ஏற்கவேண்டும். இது ஜியோ-பிளாக்கிங் சட்டத்துக்கும் முந்திய விதி, 2012-ம் ஆண்டின் 260 எண் சட்டத்தில் இருக்கிறது. ஜெர்மன் ரயில்வே தன் தளத்தில் இந்த வசதியை ஜெர்மனியில் வசிப்பவருக்கு மட்டும் என்று வைத்திருந்தது. ஆஸ்திரிய நுகர்வோர் சங்கம் வழக்குப் போட்டது. அந்த நிபந்தனை செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. ஒரு பெரிய நிறுவனத்துக்கே பொருந்தியது உங்கள் தையல் இயந்திரக் கடைக்கும் பொருந்தும். பொருள் வந்தபிறகு பில் கட்டும் வசதி மட்டும் தனி. அது கடை தரும் கடன் மாதிரி, வற்புறுத்திக் கேட்க முடியாது.

பில் முகவரியில் பிரெஞ்சு முகவரி எழுத முடியாதபடி படிவத்தை வடிவமைப்பதும் என் பார்வையில் மறைமுகமான மறுப்புதான். டெலிவரி முகவரியை ஜெர்மனிக்குள் வரையறுக்கலாம். பணம் கட்டுபவர் எங்கே குடியிருக்கிறார் என்பதை வரையறுக்கக்கூடாது. இன்னொன்று: டெலிவரிக் கட்டுப்பாடும் ஏற்கும் கட்டண முறையும் ஆர்டர் தொடங்கும்போதே தெரியவேண்டும் என்று 2011-ம் ஆண்டின் நுகர்வோர் உரிமை ஆணை சொல்கிறது. எல்லாவற்றையும் நிரப்பவைத்துவிட்டுக் கடைசியில் சொல்வது அதற்கும் முரண்.

விபிஎன் வேண்டாம், நாத்தனார் பெயரும் வேண்டாம்

விபிஎன் வைத்து ஒரு கடைத் தளத்தைப் பார்ப்பது குற்றம் இல்லை. ஆனால் அது முகவரிப் பெட்டியையும் கார்டையும் மாற்றாது. அப்புறம், "நான் ஜெர்மனியில் வசிக்கிறேன்" என்று நீங்களே எழுதிவிட்டால், நாளை புகார் கொடுக்கும்போது உங்கள் வாயை நீங்களே அடைத்துக்கொண்ட கதைதான். கடையின் மோசடித் தடுப்பு மென்பொருள் சந்தேகப்பட்டு ஆர்டரை ரத்து செய்தால் அதற்கும் அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். சட்டம் உங்கள் பக்கம் இருக்கும்போது பொய் எதற்கு?

நாத்தனார் பெயரில் வாங்கினால் ஒப்பந்தம் அவருக்கும் கடைக்கும் இடையில். இயந்திரம் பழுதானால் உரிமை கோரவேண்டியவர் அவர். குடும்பத்துக்குள் இது பெரிய விஷயமில்லை என்று இன்று தோன்றும். ஒன்றரை வருடம் கழித்து, மோட்டார் நின்றுபோன நாளில், அவருடைய மின்னஞ்சலில் பழைய பில்லைத் தேடும்போது அப்படித் தோன்றாது. வாங்குபவர் நீங்கள், பெறுபவர் அவர் என்று இரண்டு பெயரையும் உள்ளபடியே கொடுங்கள்.

கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "பில்லைத் தையல் கடை பெயரில் போட்டால் செலவுக் கணக்கில் காட்டலாமே?" இதில்தான் நான் உங்களைக் கொஞ்சம் நிறுத்தவேண்டும். ஜியோ-பிளாக்கிங் சட்டம் தனிநபரை மட்டுமல்ல, தன் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் தொழில் நிறுவனத்தையும் பாதுகாக்கிறது. மறுவிற்பனைக்கு வாங்கினால்தான் பாதுகாப்பு இல்லை. ஆகவே கடை பெயரில் வாங்கினாலும் அவர்கள் விற்கத்தான் வேண்டும். ஆனால் காரணம் சொல்லாமல் 14 நாளில் திருப்பிக் கொடுக்கும் உரிமை நுகர்வோருக்கு மட்டுமே. இரண்டு வருடச் சட்டப்படி உத்தரவாதம் என்று நாம் சாதாரணமாகச் சொல்வதும் நுகர்வோருக்கானதுதான். ஒரு பொருளை வீட்டுக்கும் தொழிலுக்குமாகச் சேர்த்து வாங்கும்போது, தொழில் நோக்கம் மேலோங்கி நிற்காதவரை உங்களை நுகர்வோராகக் கருத இடமிருக்கிறது. பில்லில் கடை பெயரைப் போட்ட பிறகு அதை நிரூபிப்பது கடினம். உங்கள் தையல் வருமானம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டுத் தையல்தான் அதிகம் என்றால் உங்கள் சொந்தப் பெயரில் வாங்குங்கள். செலவுக் கணக்கில் மிச்சமாகும் காசைவிட அந்த 14 நாள் பெரியது.

நாத்தனார் வீட்டுக் கதவு திறக்கும் நொடி

யாருடைய கண்ணிலும் படாத விதி இது. 14 நாள் கணக்கு, பொருள் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து தொடங்கும் என்று நினைப்பீர்கள். நீங்கள் குறிப்பிட்ட ஒருவர் கையில் அது சேர்ந்த நாளே தொடக்கம். நாத்தனார் கையெழுத்துப் போட்டு வாங்கினால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். அடுத்த மாதம் போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த உரிமை அலமாரிக்குள்ளேயே காலாவதியாகும். உடைந்தாலோ தொலைந்தாலோ யார் பொறுப்பு என்பதும் அதே நொடியில் கடையிடமிருந்து உங்களுக்கு மாறிவிடும். அவர் வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் வழியில் கீழே விழுந்தால் கடையைக் கேட்க முடியாது. பார்சலை வாங்கி வேறு நாட்டுக்கு அனுப்பித்தரும் தனியார் சேவைகளுக்கும் இதே விதிதான், கூடவே அவர்கள் கட்டணமும் சேரும்.

ஆகவே நாத்தனாரிடம் அன்றைக்கே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். வீடியோ காலில் நீங்களும் பாருங்கள். மின்சாரத்தில் செருகி ஒரு பூ தைத்துப் பார்க்கட்டும். திருப்பிக் கொடுக்க நேர்ந்தால், கடையே ஏற்பதாகச் சொல்லாதவரை, திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. ஜெர்மனிக்குள்ளிருந்து அனுப்பினால் அது கணிசமாகக் குறையும்.

இனி நிஜமான ஆபத்துக்கு வருகிறேன். ஒரு கடை ஜியோ-பிளாக்கிங் சட்டத்தை மதித்து உங்களுக்கு விற்றது என்ற ஒரே காரணத்துக்காக, அது பிரான்ஸை நோக்கி வியாபாரம் செய்கிறது என்று ஆகிவிடாது. இதைச் சட்டமே சொல்கிறது. விளைவு என்னவென்றால், தகராறு வந்தால் ஜெர்மன் சட்டமும் ஜெர்மன் நீதிமன்றமும் என்று ஆகலாம். இது வெறும் ஏட்டு விஷயமில்லை. பொருளில் தெரியவரும் குறை வாங்கும்போதே இருந்தது என்று சட்டம் உங்களுக்குச் சாதகமாக அனுமானிக்கும் காலம் பிரான்ஸில் புதுப் பொருளுக்கு 24 மாதம், ஜெர்மனியில் 12 மாதம். பதினைந்தாவது மாதத்தில் ஊசித் தண்டு உடைந்தால், பிரான்ஸில் நிரூபிக்கவேண்டியது கடை. ஜெர்மனியில் நிரூபிக்கவேண்டியது நீங்கள்.

உங்கள் விஷயத்தில் ஒரு திருப்பம் உண்டு. அந்த நிறுவனமே பிரெஞ்சு மொழியில் பிரெஞ்சுக்காரருக்கென ஒரு தளம் நடத்துகிறது, உங்களை அதை நோக்கித் தள்ளவும் செய்தது. அப்படியென்றால் பிரான்ஸை நோக்கி வியாபாரம் செய்யவில்லை என்று அவர்கள் வாதிடுவது கஷ்டம். இரண்டு தளங்களையும் நடத்துவது ஒரே நிறுவனமா என்று அடியில் இருக்கும் சட்டத் தகவல் பக்கத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

240 யூரோ மிச்சத்துக்கு இவ்வளவு தலைவலியா என்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் வாங்குவேன். நம்பகமான நாத்தனார் இருக்கிறார், தூரம் குறைவு. மிச்சம் 40 யூரோவாக இருந்தால் பேசாமல் பிரெஞ்சுத் தளத்தில் வாங்கிவிடுங்கள் என்றிருப்பேன்.

தம்பியும் ஸ்ட்ரீமிங்கும்

சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, அங்கே 2018/302 செல்லாது. ஆனால் 2022 ஜனவரி முதல் அவர்களுடைய நியாயமற்ற போட்டித் தடைச் சட்டத்திலேயே இதுபோன்ற ஒரு தடை சேர்ந்திருக்கிறது. தம்பி அங்கே வசிக்கும் வழக்கறிஞரைக் கேட்பதே நல்லது.

படங்களும் தொடர்களும் ஜியோ-பிளாக்கிங் சட்டத்தின் எல்லைக்கே வெளியே. ஜெர்மனிச் சந்தாதாரருக்குக் கிடைக்கும் படம் உங்களுக்கும் வேண்டும் என்று கேட்க முடியாது, உரிமங்கள் நாடுவாரியாக விற்கப்படுகின்றன. ஆனால் பிரான்ஸில் காசு கட்டி வைத்திருக்கும் சந்தா, நாத்தனார் வீட்டில் ஒரு வாரம் தங்கும்போதும் அதே படங்களோடு வேலை செய்யவேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் 2017/1128 எண் சட்டம் அது. தற்காலிகப் பயணத்துக்கு மட்டும். இலவசச் சேவைகளுக்குக் கட்டாயமில்லை.

இப்போது செய்யவேண்டியது

கடைக்கு இன்னொரு முறை எழுதுங்கள். கோபம் வேண்டாம், மூன்று வரி போதும்: நான் பிரான்ஸில் வசிக்கும் நுகர்வோர், டெலிவரி ஜெர்மனிக்குள் கேட்கிறேன், 2018/302 சட்டத்தின் 4-ம், 5-ம் பிரிவுகளின்படி என் ஆர்டரையும் கார்டையும் ஏற்கவேண்டும், 14 நாளில் பதில் வேண்டும். பிரிவு எண்ணைப் பார்த்தவுடன் உதவிப் பிரிவு கடிதத்தை மேலே அனுப்பும்; பாதி விவகாரங்கள் அங்கேயே முடிவதைப் பார்த்திருக்கிறேன்.

பதில் இல்லையென்றால் ஐரோப்பிய நுகர்வோர் மையத்தின் பிரான்ஸ் கிளைக்கு எழுதுங்கள். கட்டணம் கிடையாது. உங்களுக்கு ஒரு சௌகரியம்: பிரான்ஸ் கிளையும் ஜெர்மனி கிளையும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன, ஸ்ட்ராஸ்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் கேல் நகரத்தில். கடையின் மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் ஜெர்மனியில் பூண்டஸ்நெட்ஸ்அகென்டூர் என்ற கூட்டாட்சி ஒழுங்குமுறை அமைப்பிடம் இருக்கிறது. ஆனால் அது கடையைத் திருத்துவதற்கு, உங்களுக்கு இயந்திரம் வாங்கித் தருவதற்கு அல்ல.

சில கடைகளின் அடிப்பக்கத்தில் ஐரோப்பிய ஆணையத்தின் இணையவழித் தகராறுத் தீர்வுத் தளத்துக்கு இணைப்பு இன்னும் இருக்கும். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள், 2025 ஜூலை 20-ல் அது மூடப்பட்டுவிட்டது. வாங்கிய பிறகு பணத் தகராறு வந்தால் 5,000 யூரோ வரை ஐரோப்பிய சிறு கோரிக்கை நடைமுறை இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமலே படிவம் நிரப்பித் தாக்கல் செய்யலாம். எந்த ஊர் நீதிமன்றம் என்ற கேள்வி அப்போது வரும். இரண்டு தளங்களின் சட்டத் தகவல் பக்கத்தையும் இன்றைக்கே தேதியோடு சேமித்து வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.